கார் தூங்கினால் பெட்ரோல் சாகும்!

சேரன்மகாதேவிப் பக்கம் போனால், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் சில உங்கள் கண்ணில் படும். பிள்ளைகள் சென்னையிலோ சிகாகோவிலோ இருப்பார்கள். அந்த மாதிரி வீடுகளின் ஷெட்டுக்குள் எட்டிப் பாருங்கள்... தார்ப்பாய் போர்த்திய அம்பாஸடரோ, ஃபியட்டோ நின்றுகொண்டிருக்கும். 'அப்பா ஓட்டினது' என்பதால் விற்க மனசு வராது. ஓட்டவும் ஆளில்லை.

ஒரு வருஷம் கோயில் கொடைக்கு வந்த இடத்தில், 'ஸ்டார்ட் பண்ணித்தான் பார்ப்போமே' என்று ஆசை வரும். புது பேட்டரி வாங்கி மாட்டி, சாவியைத் திருப்புவீர்கள். அட, கிளம்பிவிட்டது! குழந்தைகள் கைதட்டி முடிப்பதற்குள், இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். மறுபடி கிளம்பும். ஒரு நிமிஷம் ஓடும். மறுபடி நிற்கும். காயலான் கடைக்காரர் வாசலில் வந்து நின்று விலை பேசுவதும் சரியாக அந்த நேரத்தில்தான்!

அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். அதற்கு முன்னால், ஒரு கார் இல்லை... தேசம் முழுக்கக் கார்கள் தூங்கப்போன கதை ஒன்று இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர். 1941-லேயே இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. 1942-ல் நிலைமை இன்னும் மோசம். பிப்ரவரியில் சிங்கப்பூரும், மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் கையில் விழுந்தன. ஏப்ரலில், பர்மாவின் ஏனாஞ்சாவுங் எண்ணெய்க் கிணறுகளைப் பிரிட்டிஷ்காரர்கள் தாங்களே நாசம் செய்துவிட்டுப் பின்வாங்கினார்கள். எதிரிக்குக் கிடைக்கக் கூடாதே! மலேயா போனதால் டயருக்கான ரப்பருக்கும் ஆபத்து. அந்த வருஷம் ஜூலையில் பிரிட்டனிலேயே சொந்தக் கார்களுக்கான சாதாரணப் பெட்ரோல் ஒதுக்கீடு ரத்தானது. 1945 ஜூன் வரை அங்கே ஏராளமான கார்கள் சக்கரம் தரையில் படாமல் முட்டுக் கொடுத்து நிறுத்தப்பட்டிருந்தன.

பணக்காரர் வீட்டுக் கார் தூங்கினால் குடி முழுகிவிடாது. பஸ் தூங்கினால்? ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் கோர்ட்டுக்கும் ஜனங்கள் எப்படிப் போவார்கள்?

இங்கேதான் நம்ம ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். சேரன்மகாதேவியிலிருந்து களக்காடு வழியாகத் தெற்கே போனால், சுமார் 30 கிலோமீட்டரில் திருக்குறுங்குடி. 1877-ல் அங்கே பிறந்தவர் சுந்தரம் ஐயங்கார். 'டி.வி.எஸ்.' என்ற மூன்று எழுத்துக்குச் சொந்தக்காரர் என்றால் சட்டென்று புரியும். மதுரையில் பஸ் விட ஆரம்பித்தவர். டி.வி.எஸ். குழுமம் தன் தொடக்கமாகச் சொல்லும் வருஷம் 1911. 'அவர்கள் பஸ் போவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள்' என்று மதுரைப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அப்படி நேரம் தவறாமல் ஓடிய பஸ்ஸைப் பெட்ரோல் இல்லை என்று நிறுத்த அவருக்கு மனசு வருமா? போர்க்காலத்தில் அவர் செய்து கொடுத்ததுதான் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்'. பழைய தலைமுறை இதை மாட்டிய வண்டியைக் 'கரி பஸ்' என்று சொல்லும்.

கேஸ் பிளான்ட் தத்துவம் எளிமையானது. பஸ்ஸின் பின்னால் பெரிய டிரம். அதில் அடுப்புக் கரியைப் போட்டுக் கனல வைப்பார்கள். போதுமான காற்று கிடைக்காமல் கரி எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். அது எரியக்கூடிய வாயு. சாம்பலையும் தூசியையும் வடிகட்டி, ஆறவைத்து இன்ஜினுக்குள் அனுப்பினால் பெட்ரோல் வேலையை அது செய்யும். என்ன... பெட்ரோலில் கிடைக்கிற சக்தி கிடைக்காது. கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஆள் ஊதுகாற்றாடியைச் சுற்றிச் சுற்றிக் கையொடிந்து போவான். மேடு வந்தால் மூச்சுத் திணறும். ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கே விறகு, கரி வாயுவில் லட்சக்கணக்கான வண்டிகள் ஓடின. கரி புதிதாகப் போடப்போட வாயு புதிதாக வந்துகொண்டே இருக்கும். கெட்டுப்போகிற பேச்சே இல்லை!

பெட்ரோல் அப்படி இல்லை. அது ஒரு பொருள் அல்ல, பல திரவங்களின் கலவை. அதில் லேசானவை முதலில் ஆவியாகிப் போய்விடும். இன்ஜின் சட்டென்று கிளம்ப உதவுவது அவைதான். மிச்சம் இருப்பது காற்றோடு கலந்து பிசினாக மாறும். கார்புரேட்டரின் 'ஜெட்' என்பது ஊசிமுனைத் துவாரம். பிசின் ஒரு துளி போதும், அடைத்துக்கொள்ள! ஆற்றோர ஈரக்காற்று பாதி காலியான டேங்குக்குள் புகுந்து குளிரும்போது தண்ணீராகும். தண்ணீர் துருவாகும்.

அதனால்தான் சேரன்மகாதேவி மெக்கானிக் முகர்ந்து பார்த்துவிட்டே சொல்வார்: "பேட்டரி மேல பழி போடாதீங்க அண்ணாச்சி, பெட்ரோலு செத்துப் போச்சு. டேங்கைக் கழட்டணும்." வார்னிஷ் வாசனை அடித்தால் அவர் சொல்வது சரி.

கிளம்பி ஒரு நிமிஷத்தில் நிற்கிறதா? கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் தீர்ந்துவிட்டது, பின்னாலிருந்து வரவில்லை என்று அர்த்தம். டேங்க் மூடியை லேசாகத் திறந்து வைத்து ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால், காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது... செலவே இல்லை! அதற்கும் நின்றால், மெக்கானிக் ஒரு பாட்டிலில் புதுப் பெட்ரோலை உயரமாகக் கட்டி, குழாய் வழியாக நேரே கார்புரேட்டருக்குக் கொடுப்பார் (இதை நீங்கள் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்). அப்போது ஓடினால் கோளாறு டேங்கிலோ, பைப்பிலோ, பம்ப்பின் காய்ந்துபோன டயஃப்ரத்திலோ இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஓடி, காலை எடுத்தால் மட்டும் நிற்கிற ஃபியட்டுக்கு, மெதுவாக ஓடும்போது பெட்ரோல் கொடுக்கிற குட்டி ஜெட்டைச் சுத்தம் செய்தால் போதும். சூடானபின் நின்று, ஆறினபின் கிளம்புகிற வண்டி என்றால் காயிலையும் கன்டென்ஸரையும் சந்தேகப்படுங்கள்.

ஒரு புதுச் சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவிகித எத்தனால் கலப்புடன் ஆரம்பித்தது, 2025-ல் 20 சதவிகிதத்தைத் தொட்டுவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரைக் கெடுக்கும். டேங்க் அடியில் வருஷக்கணக்கில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் அடைக்கும். 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடருக்கு இதெல்லாம் பழக்கமில்லாத சாப்பாடு. ரப்பர் குழாய்களை மாற்றிவிடுங்கள். மறுபடி நிறுத்திவைப்பதாக இருந்தால், டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

எல்லாம் முடிந்து இன்ஜின் சீராக ஓடும்போது, ஷெட் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் உடனே வண்டியை வெளியே தள்ளிவிடுங்கள். அன்றைக்குக் கரி பஸ்ஸை ஓட்டிய அதே கார்பன் மோனாக்ஸைடு உங்கள் அம்பாஸடரின் புகையிலும் இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.