வாலும் முறையும்

'கியூ' என்ற சொல்லை ரேஷன் கடை முதல் ரயில் நிலையம் வரை எல்லோரும் சொல்கிறோம். அது ஆங்கிலேயர் கொடுத்த சொல் என்றுதான் பலரும் நினைத்திருக்கிறார்கள். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது முதலில் வேறு பொருளில் அறிமுகமானது. பிரெஞ்சில் அதற்கு 'வால்' என்று பொருள். மாட்டுக்கு இருப்பதும் அதுதான், கடை வாசலில் நீளும் மனித வாலும் அதுதான். பிரெஞ்சுப் புரட்சியின்போது பாரீஸ் ரொட்டிக் கடைகளின் முன் மக்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றதை, தாமஸ் கார்லைல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1837இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் ஒரு புதுமையாகக் குறிப்பிடுகிறார்.

நம் ஊரில் குறும்புக்காரப் பிள்ளையையும் 'வால்' என்போம். ஒரு வாலை இன்னொரு வாலில் பொறுமையாக நிற்க வைப்பது எப்படி என்பதுதான், பேரன் பேத்திகளோடு கேளிக்கைப் பூங்காவுக்குப் போகும் நம் வயதினரின் கவலை. இது இன்று நேற்று வந்த கவலை அல்ல.

17ஆம் நூற்றாண்டில், பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், பாரீஸில் உள்ள துய்லெரி அரண்மனைத் தோட்டத்தைப் புதுப்பித்தார்கள். அமைச்சர் கோல்பேர், இனிமேல் பொதுமக்களை உள்ளே விட்டால் தோட்டம் பாழாகிவிடும், கதவை அடைத்துவிடலாம் என்று எண்ணினார். 1664இல் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியவரும் இவர்தான். பிறகு புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வந்தது அந்தக் கம்பெனிதான். அவர் கீழ் வேலை பார்த்த ஷார்ல் பெரோ என்ற அதிகாரி, மன்னரின் தோட்டம் இவ்வளவு பெரிதாக இருப்பது அவருடைய குடிமக்களாகிய பிள்ளைகள் எல்லோரும் உலாவத்தான் என்று எடுத்துச் சொன்னார். தோட்டக்காரர்களையும் சாட்சிக்கு அழைத்தார். வருகிறவர்கள் நடக்கிறார்கள், பார்க்கிறார்கள், அதனால் தோட்டத்துக்குக் கேடு ஏதும் இல்லை என்று அவர்கள் சொல்லவே, அமைச்சர் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். பெரோவே தம் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

இந்த பெரோதான் 1697இல் சிண்ட்ரெல்லா, தூங்கும் அழகி முதலிய கதைகளை அச்சிட்டவர். 1955 ஜூலையில் அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது நடுவில் எழுந்து நின்றது தூங்கும் அழகியின் கோட்டை. குழந்தைகளுக்காகத் தோட்டக் கதவைத் திறந்து வைத்த மனிதரின் கதைதான் பின்னாளில் கேளிக்கைப் பூங்காக்களுக்கெல்லாம் அடையாளமானது.

பெரோ எவ்வளவு வாதாடியிருந்தாலும், கதவு அடைபடாமல் இருந்ததற்குக் காரணம் அங்கு உலாவிய மக்கள் நடந்துகொண்ட விதம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு நம் ஆற்றங்கரைக்கு வருவோம்.

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 'திவோலி' என்ற கேளிக்கைப் பூங்கா 1843இல் திறக்கப்பட்டது, இன்றும் நடக்கிறது. அதே 1843இல்தான் தாமிரபரணியின் மேல் நம் சுலோசன முதலியார் பாலமும் திறக்கப்பட்டது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த ஓர் அரசு ஊழியர் தம் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கொடுத்த பாலம் அது. ஆனித் திருவிழாவை ஒட்டி அந்தப் பாலத்துக்கு அருகே திடலில் நடந்த பொருட்காட்சிதான் நம் தலைமுறைக்குத் திவோலியும் டிஸ்னிலேண்டும். டெல்லி அப்பளமும் மரணக் கிணறும் ராட்சத ராட்டினமும் யாருக்கு மறக்கும்?

அந்த ராட்டினத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு தொட்டிலில் ஆள் ஏற்றினால் எடை சரியாக இருப்பதற்காக எதிர்த் தொட்டிலிலும் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தொட்டிலாக நிறுத்தித்தான் இறக்க முடியும். "இன்னும் ஒரு சுத்து" என்று ஒரு பிள்ளை அடம் பிடித்து இறங்க மறுத்தால், உச்சியில் ஒரு குடும்பம் பயந்துபோய்த் தொங்கிக்கொண்டிருக்கும். கீழே இன்னொரு குழந்தை கையில் சீட்டோடு ஏங்கிக்கொண்டிருக்கும்.

குற்றாலத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சாரல் காலத்தில் பேரருவியில் நிற்க இடம் இருக்காது. முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டு, "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளுங்க, பிள்ள நனையட்டும்" என்றால் முன்பின் தெரியாதவரும் விலகுவார். சிலர் தாமே குழந்தையைக் கையில் வாங்கித் தண்ணீர் மெதுவாக விழும் ஓரத்தில் நிறுத்துவதும் உண்டு.

ஆனால் அங்கேதான் எண்ணெய்யும் சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் பெருகின. பாறை வழுக்கியது, தண்ணீர் கெட்டது. கடைசியில் உயர் நீதிமன்றம் தலையிட்டு அருவியில் அவற்றுக்குத் தடை போட வேண்டியதாயிற்று. துய்லெரியில் தோட்டக்காரர்கள் கொடுத்த சாட்சியத்தைக் குற்றாலத்தில் நமக்காகக் கொடுக்க ஆள் இல்லை. மரியாதை குறைகிற இடத்தில் உத்தரவு வருகிறது. அதன் பின்னால் கம்பி வேலியும் விசிலும் வருகின்றன.

அந்த விசிலுக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு மாணவன் உயிர் போனதை நாம் மறக்கவில்லை. காட்டாறு சொல்லிவிட்டு வருவதில்லை. விலகச் சொன்னவுடன் நாம் விலகினால்தான் நமக்கு உள்ளே குழந்தையோடு நிற்பவருக்கு வெளியே வர வழி கிடைக்கும்.

1995இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா வந்தது. 2000இல் கொச்சியில் வீகாலாண்ட் வந்தது. நெல்லையிலிருந்தும் பஸ் பிடித்துப் போனார்கள். இப்போது சில பூங்காக்களில் கூடுதல் பணம் கட்டினால் வரிசையைத் தாண்டிப் போகும் சீட்டும் உண்டு. வாங்குவது அவரவர் விருப்பம். ஆனால் காத்திருக்கும் பிள்ளைகளைத் தாண்டிப் போகும்போது நம் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

வரிசையில் ஒரே ஆளை நிறுத்திவிட்டுக் கடைசி நேரத்தில் பத்துப் பேராகச் சேர்ந்துகொள்வது, நீர்ச் சறுக்கின் உச்சியில் படம் எடுப்பதற்காகப் பின்னால் வருபவர்களை நிறுத்தி வைப்பது, உயரம் போதாத பிள்ளையை ஏற்றச் சொல்லி அங்கே வேலை பார்க்கும் பையனோடு சண்டை போடுவது, இவற்றையெல்லாம் பிள்ளைகள் நம்மிடமிருந்துதான் படிக்கிறார்கள். வாய்ப்பாட்டைப் போல இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் செய்யாமல் இருந்தாலே போதும்.

பிரெஞ்சுக்காரர்கள் வால் என்றதை நாம் 'முறை' என்கிறோம். "இப்ப என் முறை" என்கிறது குழந்தை. மேல்மடைக்காரர் பாய்ச்சியபின் கடைமடைக்கும் தண்ணீர் போக வேண்டும் என்பதற்காக நம் வயல்களில் வைத்ததும் முறைதான். நியாயத்துக்கும் முறை என்றுதான் பெயர். "அவர் உனக்கு என்ன முறை வேணும்?" என்று உறவைக் கேட்பதும் அதே சொல்லால்தான். முன்னால் நிற்பவரை அண்ணாச்சி என்று முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டால், அவரை இடித்துத் தள்ளிவிட்டு முன்னே போகக் கை வராது.

குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, புன்னைக்காயலில் கடலுக்குப் போகிறது. அருவியில் குளிக்கும் நாம் அந்த வரிசையின் தலைமாட்டில் நிற்கிறோம். பின்னால் நிற்பவர்கள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுத்த சாரலுக்குப் பேரப்பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போகும்போது இதை ஒரு கதையாகச் சொல்லிப் பாருங்கள். 'வால்' என்று பெயர் வாங்கிய பிள்ளைகள்தான் முதலில் புரிந்துகொள்வார்கள்.