வாரம் ஒரு கூட்டம்: ஒரு சேவைச் சங்கத்தின் வரலாறும் நமக்கான படிப்பினையும்



ஆண்டறிக்கை தயாராகும் காலத்தில் நமது ஜமாஅத்தின் தீர்மானப் புத்தகத்தை ஒருமுறை முழுமையாகப் புரட்டிப் பார்ப்பது நம் வழக்கம். கடை வாடகை, கப்ருஸ்தான் சுற்றுச்சுவர், ஒலிபெருக்கி பழுது, சந்தா பாக்கி என்று பக்கங்கள் செல்கின்றன. இவை அனைத்தும் தேவையானவையே. ஆயினும் பள்ளிவாசலின் மதிலுக்கு வெளியே உள்ள ஒருவருக்காக எடுக்கப்பட்ட தீர்மானம் எத்தனை என்று எண்ணத் தொடங்கியபோது, விரல்கள் அதிகம் தேவைப்படவில்லை. அந்த வருத்தத்தில்தான், கூட்டம் கூடுவதையே அடிப்படையாகக் கொண்டு உலகெங்கும் பரவிய ரோட்டரி சங்கத்தின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத முற்பட்டோம்.

நால்வர் கூடிய அறை

அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் வாழ்ந்து வந்தார். 1868-ல் பிறந்த அவர், வெர்மான்ட் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் பாட்டனார் வீட்டில் வளர்ந்தவர். 1896-ல் தொழிலுக்காகச் சிகாகோ வந்தார். இலட்சக்கணக்கானோர் நெருங்கி வாழும் நகரில் ஒருவரையொருவர் அறியாத தனிமை அவரை வாட்டியது. சிற்றூரில் கண்ட நட்பை நகரத்திலும் உண்டாக்க முடியாதா என்று எண்ணினார்.

1905 பிப்ரவரி 23, வியாழக்கிழமை மாலை, யூனிட்டி கட்டடத்தின் 711-ஆம் எண் அறையில் நால்வர் கூடினர். அந்த அறை சுரங்கப் பொறியாளர் கஸ்டவஸ் லோயருடைய அலுவலகம். ஹாரிஸும் அவரும் தவிர, நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீலும், தையற்கடை உரிமையாளர் ஹைரம் ஷோரியும் வந்திருந்தனர். அடுத்தடுத்த கூட்டங்களை ஒவ்வோர் உறுப்பினரின் தொழிலிடத்திலும் முறைவைத்துச் சுழற்சியாக நடத்தினார்கள். அச்சுழற்சியைக் குறிக்கவே 'ரோட்டரி' என்ற பெயர் வந்தது.

ஒரு தொழிலுக்கு ஒருவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்பது அவர்கள் வகுத்த விதி. நோக்கமோ மிக எளியது: ஒருவருக்கொருவர் நட்புக் கொள்வது, ஒருவருக்கொருவர் வியாபாரம் தேடித் தருவது. யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று கணக்கு எழுதுவதற்கே ஒரு பொறுப்பாளர் இருந்தார். ஆக, தொடக்கத்தில் அது சேவைச் சங்கமே அன்று. தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொண்ட வட்டம்.

ஒரு மறுப்பு செய்த மாற்றம்

1906-ல் டொனால்டு கார்ட்டர் என்ற வழக்கறிஞரை உறுப்பினராகச் சேர அழைத்தார்கள். அவர் சங்கத்தின் விதிகளைப் படித்துவிட்டுச் சேர மறுத்தார். உறுப்பினர்களுக்கு மட்டும் பயன் தருகின்ற, ஊருக்கு ஒன்றும் செய்யாத சங்கம் நிலைக்காது என்பதே அவர் சொன்ன காரணம். கேட்டவர்கள் சினங்கொள்ளவில்லை. அப்படியானால் நீரே வந்து திருத்தும் என்றார்கள். அவரும் சேர்ந்தார். நகரத்தின் நலனைப் பேணுவதும் சங்கத்தின் நோக்கம் என்ற புதிய விதி அவர் முயற்சியால் எழுதப்பட்டது.

இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். குறை சொன்னவரைக் குழப்பக்காரர் என்று ஒதுக்கியிருந்தால், அந்தச் சங்கம் சில ஆண்டுகளில் மறைந்திருக்கலாம். ஒரு கூட்டத்தின் தரத்தை, அது தன்னைக் குறை கூறுபவரை எவ்வாறு நடத்துகிறது என்பதைக் கொண்டே அறியலாம்.

புதிய விதி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1907-ல் சிகாகோ நகர மண்டபத்தின் அருகே பொதுக் கழிப்பிடம் வேண்டும் என்று சங்கம் முயன்றது. வீதியில் செல்லும் ஏழைக்கும் வெளியூர்ப் பயணிக்கும் அன்று மதுக்கடைகளையும் பெரிய அங்காடிகளையும் தவிர வேறு போக்கிடம் இல்லை. அதனால் ஆதாயம் பெற்றுவந்தவர்கள் எதிர்த்தார்கள். எதிர்ப்பை மீறிப் பணி நிறைவேறியது. இன்று உலகமெங்கும் சுமார் 12 இலட்சம் உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பின் முதல் பொதுப்பணி ஒரு கழிப்பிடம் என்பதை, சிறிய பணிகளை இழிவாக எண்ணுவோர் கவனிக்க வேண்டும்.

கூட்டத்தின் ஒழுங்கு

1908-ல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டாவது சங்கம் தோன்றியது. 1910-ல் 16 சங்கங்கள் ஒன்றிணைந்தன. கல்கத்தாவில் 1919-லும், சென்னையில் 1929-லும் சங்கங்கள் அமைந்தன. இப்பரவலுக்குப் பணம் மட்டும் காரணமன்று; கூட்ட ஒழுங்கும் முக்கியக் காரணம்.

வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த நேரத்தில் கூட்டம் தொடங்கும். தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்குக் காரணமின்றி வராதவர் உறுப்பினர் தகுதியை இழப்பார் என்பது நெடுங்காலம் இருந்த விதி. வெளியூர் சென்றவர் அங்குள்ள சங்கத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டு அவ்வருகையை ஈடு செய்யலாம். கூட்டத்தில் ஒருவர் தம் தொழிலைப் பற்றியோ ஊர்ப் பிரச்சினையைப் பற்றியோ பேசுவார். வந்தோர் எண்ணிக்கை, விருந்தினர் பெயர், பள்ளிக்கூடத்திற்குத் தந்த உதவி, நோயுற்ற உறுப்பினரின் நிலை, அடுத்த வாரச் செய்தி ஆகியவை சிறிய மடலாக அச்சாகி உறுப்பினர் கைக்குச் செல்லும். பல ஊர்களில் அம்மடல்களே அவ்வூரின் வரலாற்றுக்குச் சான்றாக நிற்கின்றன. காலம் மாறியதால் 2016-ல் வாரக் கூட்டம் கட்டாயம் என்ற விதி தளர்ந்தது. மாதம் இருமுறை கூடினாலே போதும் என்றாயிற்று.

குறைகளும் உண்டு

வரலாறு எழுதுவோர் குறைகளை மறைத்தல் அமானிதத்திற்கு மாறானது. பெண்களை உறுப்பினராக்கியதற்காகக் கலிபோர்னியாவின் டுவார்ட்டே நகரச் சங்கம் 1978-ல் நீக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1987-ல் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1989-ல்தான் சங்கத்தின் விதி எல்லா நாடுகளுக்கும் திருத்தப்பட்டது. அரபு நாடுகளின் உலமாக்களில் சிலர் இச்சங்கங்களைக் குறித்து ஐயம் தெரிவித்ததும் உண்டு. இக்கட்டுரையில் நாம் மார்க்கத் தீர்ப்பு எதுவும் கூற வரவில்லை. நடந்த வரலாற்றையே கூறுகிறோம்.

நம் வாசலுக்கு வந்த சொட்டு மருந்து

அவ்வரலாற்றின் ஒரு பகுதி நம் சமுதாயத்தை நேரடியாகத் தொடுகிறது. 1979-ல் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து வழங்கத் தொடங்கிய ரோட்டரி, 1985-ல் உலகளாவிய போலியோ ஒழிப்புத் திட்டத்தை அறிவித்தது. 1988-ல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் பிறரும் கைகோத்தபோது, ஆண்டுக்கு சுமார் 3,50,000 பேர், 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்நோயால் முடமாகிக்கொண்டிருந்தனர்.

2002-ல் இந்தியாவில் சுமார் 1,600 பேருக்குப் போலியோ கண்டது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் உத்தரப் பிரதேசத்தவர். அங்கும் பாதிக்கு மேற்பட்டோர் நம் சமுதாயக் குழந்தைகள். அம்மருந்து மலட்டுத்தன்மை உண்டாக்கும் என்ற வதந்தியை நம்பிப் பல வீடுகள் கதவை அடைத்தன. வதந்தியைக் கிளப்பியவர்கள் நடமாடினார்கள்; கால் சூம்பியது குழந்தைகளுக்கு. பின்னர் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா போன்ற கல்வி நிலையங்கள் துணை நின்றன. உலமாக்கள் அடங்கிய குழுவை ரோட்டரி அமைத்தது. பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கியில் சொட்டு மருந்து நாள் அறிவிக்கப்பட்டது. இமாம்கள் தம் கையாலேயே குழந்தைகளுக்கு ஊட்டினார்கள். மூடிய கதவுகள் திறந்தன.

2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒன்றரை வயதுச் சிறுமி ஒருத்திக்கு நோய் கண்டதே இந்தியாவின் கடைசி நிகழ்வு. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டும் இயற்கைப் போலியோக் கிருமி இன்னும் வேரறுக்கப்படவில்லை. மிம்பர் மௌனமாக இருந்தபோது என்ன நடந்தது, பேசியபோது என்ன நடந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இமாம்களாகிய நாமே முதலில் இக்கேள்விக்குப் பதில் கூறக் கடமைப்பட்டவர்கள்.

நாம் செய்ய வேண்டியது

அவர்கள் வாரம் ஒருமுறை கூடுவதற்கு விதி எழுத வேண்டியிருந்தது. நமக்கோ ஜும்ஆ இருக்கிறது. நாளுக்கு ஐந்து வேளை ஜமாஅத்தும் இருக்கிறது. கூடுவதில் நமக்குக் குறைவில்லை. கூடிக் கலைந்த பின் தெருவில் என்ன மாறியது என்பதே கேள்வி.

ஆகவே ஜமாஅத் நிர்வாகத்திற்கு நம் பணிவான வேண்டுகோள் ஒன்றுண்டு. ஒவ்வொரு மாதக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்திலும் கடைசியாக ஒரு வரி எழுத இடம் விடுங்கள்: 'இம்மாதம் ஊருக்காகச் செய்தது.' அது குடிநீர்க் குழாயாகவும் இருக்கலாம். இரத்த தானமாகவும், பக்கத்துத் தெரு மாணவனின் கட்டணமாகவும் இருக்கலாம். ஒன்றும் செய்யாத மாதத்தில் அவ்வரியை வெறுமையாகவே விட்டுவையுங்கள். அடுத்த ஆண்டு அப்புத்தகத்தைப் புரட்டும்போது, அந்த வெற்றிடங்கள் நம்மிடம் பேசும்.

வல்ல அல்லாஹ் நம் கூட்டங்களைப் பயனுள்ளவையாக ஆக்கி அருள்வானாக. ஆமீன்.