நாற்பத்தொன்பது அடி: ரெட் ஆற்றங்கரை நகரம் ஒன்றின் வெள்ள வரலாறு

மழை துளிகூட விழாத, நன்றாக வெயில் காயும் ஏப்ரல் நாளில் வீட்டுக்குள் வெள்ளம் புகும் ஊர்கள் உண்டு. ஐந்து மாதம் கொட்டிக் கிடந்த பனி இரண்டு மூன்று வாரத்தில் உருகி ஆற்றில் இறங்கிவிடும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்திலுள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் அப்படி ஓர் ஊர். 1997 ஏப்ரலில் அது மூழ்கியதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவற்றுள் பல, வானிலைத் துறையின் கணிப்பு தவறிவிட்டது என்ற இடத்தில் நின்றுவிடுகின்றன. ஊரின் நூறாண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படுகிறது. அந்த ஊர் தன் நினைவில் நின்ற வெள்ளத்துக்குத்தான் ஆயத்தமாகியிருந்தது. அந்த நினைவு எப்படி உருவானது, எப்படிக் கலைந்தது, அதன் இடத்தில் என்ன வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஆற்றைப் பார்க்கவேண்டும். ரெட் ஆறு வடக்கு டகோட்டாவுக்கும் மினசோட்டாவுக்கும் எல்லையாக ஓடிக் கனடாவுக்குள் நுழைந்து வினிபெக் ஏரியில் சேர்கிறது. அது தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வெயில் தெற்கே முதலில் ஏறுவதால் மேல்மடையில் பனி உருகும்போது கீழ்மடை இன்னும் உறைந்து கிடக்கும். உருகிய நீர் உறைந்த ஆற்றின்மேல் போய் முட்டும். பனிப்பாளங்கள் பாலங்களில் சிக்கி அணைபோல் அடைத்துக்கொள்ளும். நிலமும் துணைக்கு வராது. இந்தச் சமவெளி பனியுகத்தின் இறுதியில் பரந்து கிடந்த அகாசி என்னும் பேரேரியின் அடித்தரை. கண்ணுக்கெட்டிய தூரம் மேடு கிடையாது. ஆற்றின் சரிவு மைலுக்கு ஓரடிக்கும் குறைவு. கரை தாண்டிய நீருக்குப் போக வழி இருக்காது, அகலமாகப் பரவி மெல்ல நகரும். ஒட்டும் களிமண் உறைந்துவிட்டால் ஒரு சொட்டும் உறிஞ்சாது.

ரெட் லேக் ஆறு வந்து கலக்கும் இடத்தில் ஊர் எழுந்தது. ஊர்ப்பெயர் குறிப்பதும் இரு ஆறுகளின் இந்தக் கவையைத்தான். நீராவிப் படகுத் தலைவர் அலெக்சாண்டர் கிரிக்ஸ் 1875-இல் மனை பிரித்தார், 1881-இல் நகராட்சி அமைந்தது. மறு ஆண்டே ஆற்றின் நீர்மட்டத்தைப் பதியும் வழக்கமும் தொடங்கிவிட்டது. ஊரின் வயதும் அளவுகோலின் வயதும் ஏறக்குறைய ஒன்று. இந்த அளவுகோல் காட்டும் அடி, ஆற்றின் ஆழம் ஆகாது. குறித்துவைத்த ஓர் ஆதாரப் புள்ளிக்கு மேல் நீர் எவ்வளவு நிற்கிறது என்பதே அது. 28 அடியைத் தொட்டால் வெள்ளம் என்று கணக்கு. 1897-இல் அது 50.2 அடிக்கு ஏறியது.

அடுத்த எண்பது ஆண்டில் ஆறு பலமுறை கரை மீறியும் அந்த உயரத்தை எட்டவில்லை. 1897-ஐக் கண்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள், 50.2 ஏட்டில் மட்டும் தங்கியது. பிறகு 1979 ஏப்ரலில் ஆறு 48.8 அடி ஏறியபோது ஊர் மணல் மூட்டை அடுக்கி, மண்கரை உயர்த்திப் போராடித் தன்னைக் காத்துக்கொண்டது. இந்த வெற்றியே அடுத்த தலைமுறைக்கு அளவுகோலாகிவிட்டது என்பது என் துணிபு. நடுவயதில் இருந்த எல்லோருக்கும் அந்த ஏப்ரல் கைகளில் பதிந்திருந்தது. ஏட்டில் படித்தறிந்த 50.2 அந்த அளவுக்கு யாருக்கும் உறைக்கவில்லை.

1996-97 குளிர்காலத்தில் எட்டுப் பனிப்புயல்கள் அடித்தன. ஊர் நாளேடான ‘கிராண்ட் ஃபோர்க்ஸ் ஹெரால்ட்’ ஒவ்வொன்றுக்கும் அகரவரிசையில் பெயர் சூட்டியது. மண்ணோ இலையுதிர் காலத்து ஈரத்தோடே உறைந்திருந்தது. பனிக்குள் எவ்வளவு நீர் அடங்கியிருக்கிறது என்று அறிய ஒரு நுட்பமான முறை உண்டு. சிறு விமானம் ஒன்று தாழப் பறந்து, மண்ணிலிருந்து இயல்பாக எழும் காமாக் கதிர்களை அளக்கும். இடையில் நீர் எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்குக் கதிர் மங்கும். இத்தகைய அளவீடுகளைக் கொண்டு தேசிய வானிலைச் சேவை பிப்ரவரியிலேயே இரண்டு எண்களை அறிவித்தது. இனிப் பனியோ மழையோ இல்லையென்றால் 47.5 அடி, வழக்கம்போல் பொழிந்தால் 49 அடி. இரண்டு மாத அவகாசம் கொடுத்த எச்சரிக்கை அது. குறைத்து மதிப்பிட முடியாது.

ஊர் சோம்பியிருக்கவும் இல்லை. கரைகளை 52 அடி வரை உயர்த்தினார்கள். பள்ளிப் பிள்ளைகளும் பல்கலைக்கழக மாணவர்களும் வரிசையில் நின்று மூட்டை கைமாற்றினார்கள். மணல் மூட்டை அடுக்குவது பார்ப்பதற்கு எளிது, செய்முறை தெரியாவிட்டால் வீண். மூட்டையைப் பாதிக்குமேல் கொஞ்சம்தான் நிரப்பவேண்டும். முட்ட நிரப்பினால் கல்லாய் உருண்டு நிற்கும், இடுக்கில் நீர் வழியும். மடித்த வாயை அடியில் செருகி, நீளவாக்கில் ஓட்டத்தோடு ஒட்டிப் போட்டு, காலால் மிதித்துத் தட்டையாக்க வேண்டும். அதன்மேல் வரும் மூட்டை, செங்கல் கட்டுபோல், கீழிரண்டின் பொருத்தில் உட்காரவேண்டும். வீட்டுக்குள் வேறொரு போர். அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறை உண்டு. ஆற்று நீர் தெருவைத் தொடுமுன்பே சாக்கடைக் குழாய் வழியாகப் பின்னோக்கி ஏறி அங்கே கொப்பளிக்கும். அதனால் தரையின் வடிகால் துளைக்குள் குழாயைச் செருகி நிறுத்துவார்கள். வெளியே மண் ஊறி அழுத்தும்போது வெறும் நிலவறையின் சுவர் உள்நோக்கி இடியும். அதைத் தடுக்கத் தாங்களே நல்ல தண்ணீரை நிரப்பிவைத்தவர்களும் உண்டு. தன் வீட்டைக் காக்கத் தன் கையாலேயே அதற்குள் நீர் விடும் மனிதரை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் எங்கே தவறியது? இந்த நிகழ்வை ஆராய்ந்து 1999-இல் கட்டுரை எழுதிய ரோஜர் பில்கே கவனிக்கத்தக்க ஒன்றைக் காட்டுகிறார். 49 என்ற எண்ணை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சிலருக்கு அது உச்சவரம்பு. சிலருக்கு அப்படியே நடக்கப்போகும் துல்லிய அளவு. வேறு சிலருக்கு எளிதாகத் தாண்டக்கூடிய எண். எந்தக் கணிப்பும் சில அடி மேலோ கீழோ போகக்கூடியது. அந்த ஐயத்தின் அளவை எண்ணோடு சேர்த்துச் சொல்லவில்லை. ஆனால் எண்ணின் பொருளை முடிவுசெய்ததில் 1979-க்கும் பங்குண்டு என்று நான் சேர்த்துச் சொல்வேன். 48.8-க்கும் 49-க்கும் இடையே இரண்டரை அங்குலம்கூட இல்லை. ஒருமுறை நம்மிடம் தோற்ற எதிரி, இரண்டரை அங்குலம் வளர்ந்து வருகிறான் என்றால் யார் ஊரைவிட்டுக் கிளம்புவார்கள்? வெள்ளக் காப்பீட்டுக்கு அரசு விளம்பரம் செய்தும் எடுத்துக்கொண்டவர்கள் மிகச் சிலரே.

ஏப்ரல் முதல் வாரக் கடைசியில் எட்டாவது புயல் ‘ஹன்னா’ பனியும் உறைமழையுமாக வந்து இறங்கியது. மாத நடுவில் கணிப்பு 50-ஐத் தொட்டது. அதன்பின் கிட்டத்தட்ட நாள்தோறும் ஏறியது. முன்பு அளந்தே அறியாத உயரத்துக்கு ஆறு வந்துவிட்டதால், இவ்வளவு நீர் ஓடினால் இவ்வளவு மட்டம் என்ற பழைய உறவைக் கணக்காலேயே நீட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஏப்ரல் 18 அன்று கரைகள் உடைந்தன. மேயர் பேட் ஓவன்ஸ் வெளியேறும் ஆணையை விரிவாக்கிக்கொண்டே போனார். கிராண்ட் ஃபோர்க்ஸிலும் எதிர்க்கரையிலுள்ள ஈஸ்ட் கிராண்ட் ஃபோர்க்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 50,000 பேர் வீடு துறந்தார்கள். பலர் விமானப்படைத் தளத்தின் கொட்டகையில் கட்டில் போட்டுப் படுத்தார்கள். மறுநாள் நீர் சூழ்ந்த நகர மையத்தில் தீப்பிடித்து 11 கட்டடங்கள் எரிந்தன. இடுப்பளவு நீரில் நின்ற தீயணைப்பு வீரர்களுக்குத் தீயை அணைக்க நீரழுத்தம் கிடைக்கவில்லை. ஹெரால்டின் அலுவலகமும் எரிந்தது. ஆயினும் வேற்றூரில் அச்சடித்துத் தாளை நிறுத்தாமல் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு அதற்குப் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆறு நின்ற உச்சம் 54.35 அடி.

அதே வெள்ளம் எல்லை கடந்து கனடாவின் வினிபெக் நகரை அடைந்தபோது அதன் பெரும்பகுதி தப்பியது. அங்கே நினைவு வேறு பாடம் கற்பித்திருந்தது. 1950 வெள்ளத்தில் அந்நகர் தோற்றது. சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். மானிடோபா மாகாண முதல்வர் டஃப் ராப்ளின் கடும் எதிர்ப்புக்கிடையே 1962-இல் தொடங்கிவைத்த, 1968-இல் முடிவடைந்த 47 கிலோமீட்டர் வெள்ளக் கால்வாய், ஆற்று நீரை நகரைச் சுற்றி அனுப்பிவிடுகிறது. செலவைக் கண்டு எள்ளியவர்கள் அதை ‘டஃபின் குழி’ என்றார்கள். பின்னால் அதே பெயரை நன்றியோடு சொன்னார்கள். தோற்ற ஊர் கால்வாய் வெட்டியது, வென்ற ஊர் மூட்டையை நம்பியது.

1997-க்குப் பின் கிராண்ட் ஃபோர்க்ஸ் செய்ததில் மிகக் கடினமானது ஆற்றுக்கு இடம் விட்டது. லிங்கன் டிரைவ் போன்ற தாழ்ந்த குடியிருப்புகளை நகராட்சி விலைகொடுத்து வாங்கி வீடுகளை இடித்தது. தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அது இரண்டாம் வெள்ளம். கோடு எங்கே போடுவது என்பதில் கசப்பு மிகுந்தது. புதிய கரை ஆற்றிலிருந்து விலகி எழுந்தது. கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே இரு ஊர்களிலுமாக 2,200 ஏக்கர் பசுமைவெளி உருவானது. சுமார் 40 கோடி டாலர் செலவில் 2007-இல் வேலை முடிந்தது. கணிப்பின் மொழியும் மாறியது. ரெட் ஆற்றுப் படுகைக்கு இப்போது இளவேனில் முன்னறிவிப்பு ஒற்றை எண்ணாக வருவதில்லை. இந்த மட்டத்தைத் தாண்ட இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று பல மட்டங்களுக்கும் தனித்தனியே தருகிறார்கள்.

2009-இலும் 2011-இலும் ஆறு 49 அடியைத் தாண்டியது. எந்த எண்ணுக்கு ஊர் 1997-இல் முதுகொடிய உழைத்ததோ அந்த எண்ணை, இரண்டு முறையும் பாலங்களை மூடிவிட்டுக் கரையின் உட்புறம் அன்றாட வேலையைப் பார்த்தபடி கடந்தார்கள். எதிர்க்கரையில் ஷெர்லாக் பார்க் என்ற குடியிருப்பு இருந்த இடம் இப்போது பொதுப் பூங்கா. கோடையில் அங்கே கூடாரமடித்துத் தங்குகிறார்கள். பழைய மரங்கள் பல அப்படியே நிற்கின்றன. ஒரு காலத்தில் வீட்டு வாசலுக்கு நிழல் தந்தவை அவை. ஏப்ரலில் அந்த மரங்களின் அடியில் ஆறு வந்து நிற்கும், போகும்.