லிண்ட்பெர்க்கின் இரண்டு வரைபடங்கள்

வரைபடம் என்றாலே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பரீட்சைதான். பென்சிலைச் சீவிச் சீவி ஆறுகளையும் மலைகளையும் குறித்து, மதிப்பெண் வாங்கியதோடு மறந்துவிடுவோம். ஆனால் இடத்தைக் காட்டுவதற்காக மட்டும் வரைபடங்கள் வரையப்படவில்லை. நடந்து முடிந்த ஒரு சம்பவத்தைக் கொண்டாடவும் வரைந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வரைபடத்தைப் பற்றியும், அதற்குப் பின்னால் இருக்கும் இன்னொரு வரைபடத்தைப் பற்றியும்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

1920-களிலும் 30-களிலும் அமெரிக்காவில் சித்திர வரைபடங்களுக்கு நல்ல மவுசு இருந்தது. நாடுகளின் எல்லைகளோடு கப்பல்கள், திசைகாட்டி மலர்கள், அரச முத்திரைகள், சின்னச் சின்ன மனிதர்கள் எல்லாம் வண்ணத்தில் இருக்கும். பாடத்துக்குப் பயன்படுவதைவிட, சுவரில் மாட்டி அழகு பார்க்கத்தான் இவற்றை அதிகம் வாங்கினார்கள். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எர்னஸ்ட் கிளெக் இந்தக் கலையில் பேர் பெற்றவர். சார்லஸ் லிண்ட்பெர்க் 1927, 1928-ஆம் ஆண்டுகளில் பறந்த பாதைகளை அவர் 1928-ல் ஒரு வரைபடமாக வரைந்தார். நியூயார்க்கின் ஜான் டே நிறுவனம் அதை வெளியிட்டது.

யார் இந்த லிண்ட்பெர்க்? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸுக்கும் சிகாகோவுக்கும் இடையே விமானத்தில் தபால் மூட்டை கொண்டுபோன 25 வயது இளைஞர். நியூயார்க்கில் ஓட்டல் நடத்திவந்த ரேமண்ட் ஓர்டெய்க் என்பவர், நியூயார்க்குக்கும் பாரிசுக்கும் இடையே எங்கும் இறங்காமல் பறப்பவருக்கு 25,000 டாலர் பரிசு என்று 1919-ல் அறிவித்திருந்தார். அதை வென்றவர் லிண்ட்பெர்க். 1927 மே 20 காலை 7.52-க்கு நியூயார்க் அருகே ரூஸ்வெல்ட் மைதானத்தில் கிளம்பி, மறுநாள் இரவு 10.22-க்கு பாரிசின் லெ பூர்ஜே விமான நிலையத்தில் இறங்கினார். மொத்தம் முப்பத்து மூன்றரை மணி நேரம், சுமார் 5,800 கிலோமீட்டர். கூட யாரும் இல்லை.

நூலும் உலக உருண்டையும்

கொண்டாட்ட வரைபடம் பயணம் முடிந்த பிறகு வந்தது. பயணத்துக்கு முன்பே லிண்ட்பெர்க் தன் கையால் தயாரித்த வரைபடம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதிக ஆச்சரியம் தந்தது அதுதான்.

சான் டியேகோ நகரில் அவருடைய விமானம் தயாராகிக்கொண்டிருந்தது. எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று கணக்குப் போட, முதலில் தூரம் தெரிய வேண்டும். அவர் நேராக நூலகத்துக்குப் போய், அங்கிருந்த உலக உருண்டையில் நியூயார்க்குக்கும் பாரிசுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தார். சுமார் 3,600 மைல் என்று தெரிந்தது.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். நூலை இழுத்துப் பிடித்தால் அது நேர் கிழக்கே போகாது. வடகிழக்காக ஏறி, கனடாவின் நோவா ஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாந்து வழியாகப் போய், அயர்லாந்தைத் தொட்டு பாரிசுக்கு இறங்கும். உருண்டையான பூமியில் அதுதான் குறைந்த தூரம். அதே பாதையைத் தட்டையான தாளில் வரைந்தால் வில் போல வளைந்து தெரியும். கிளெக் வரைந்தது போன்ற படங்களில் பாதை வளைந்திருப்பதைப் பார்த்து, சுற்றிக்கொண்டு போயிருக்கிறாரே என்று நினைத்துவிடக் கூடாது.

லிண்ட்பெர்க் கடல் வரைபடங்களை வாங்கி, இந்த வளைவை நூறு நூறு மைல் துண்டுகளாகப் பிரித்தார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு துண்டு. ஒவ்வொன்றுக்கும் திசைகாட்டி எத்தனை டிகிரி காட்ட வேண்டும் என்று எழுதிவைத்தார். அவரிடம் ரேடியோ கிடையாது. கடிகாரம், திசைகாட்டி, வேகமானி, இந்தத் தாள்கள், இவ்வளவுதான் துணை.

எடையைக் குறைக்க அவர் பட்ட பாடு தனிக்கதை. விமானத்தில் ஏற்றிய பெட்ரோல் சுமார் 450 கேலன். கிளம்பும்போது இருந்த மொத்த எடையில் பாதிக்கு மேல் அதுவேதான். எனவே பாராசூட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. வரைபடங்களில் தேவையில்லாத ஓரங்களையும் கத்தரித்துவிட்டார். காகிதத்தின் ஓரம் என்ன பெரிய எடை என்று நமக்குத் தோன்றும். ஆனால் நடுக்கடலில் எரிபொருள் தீர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

முந்தைய இரவும் அவர் தூங்கவில்லை. மூடுபனி, இறக்கையில் பனிக்கட்டி, தூக்கம் எல்லாவற்றோடும் போராடி அயர்லாந்தின் டிங்கிள் விரிகுடாவை அடைந்தபோது, திட்டமிட்ட பாதையிலிருந்து சில மைல்கள்தான் விலகியிருந்தார். கத்தரித்த அந்தத் தாள்கள் வேலை செய்தன.

படத்தில் இல்லாதவர்கள்

கொண்டாட்ட வரைபடத்தில் ஒரு வீரர், ஒரு விமானம், ஒரு கோடு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதே பரிசுக்காக முயன்று இறந்தவர்கள் ஆறு பேர்.

1926 செப்டம்பரில் ரெனே ஃபோங்க்கின் விமானம் அதிக எடையால் மேலே எழும்ப முடியாமல் தீப்பிடித்தது. அவர் தப்பினார், உடன் சென்ற இருவர் இறந்தனர். 1927 ஏப்ரலில் நோயல் டேவிஸ், ஸ்டான்டன் வூஸ்டர் இருவரும் சோதனை ஓட்டத்தில் பலியானார்கள். மே 8 அன்று பிரான்சின் நுங்கெஸ்ஸரும் கோலியும் பாரிசிலிருந்து நியூயார்க் நோக்கிக் கிளம்பி, காணாமலே போனார்கள். அவர்கள் கிளம்பிய இடம் அதே லெ பூர்ஜே. சில நாள் கழித்து லிண்ட்பெர்க்கை வரவேற்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டது அதே மைதானத்தில்தான்.

இன்னொரு விஷயம். அட்லாண்டிக்கை முதலில் விமானத்தில் கடந்தவர் லிண்ட்பெர்க் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1919 ஜூனிலேயே அல்காக், பிரவுன் என்ற இரு பிரிட்டிஷ்காரர்கள் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு இடையில் இறங்காமல் பறந்துவிட்டார்கள். லிண்ட்பெர்க்கின் பெருமை தனி ஆளாக, ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு தூரம் பறந்ததுதான்.

வீரரின் பிற்காலம்

லிண்ட்பெர்க்கின் கதை 1928-ல் முடிந்துவிடவில்லை. 1932-ல் அவருடைய குழந்தை கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டது. உலகமே அவருக்காக வருந்தியது. 1938-ல் அவர் நாஜித் தலைவர் கோரிங்கின் கையால் பதக்கம் பெற்றார். 1941 செப்டம்பரில் டெ மாய்ன் நகரில் பேசும்போது, அமெரிக்காவைப் போருக்குள் இழுப்பவர்களில் யூதர்களும் உண்டு என்று குற்றம் சாட்டினார். அவரைக் கொண்டாடிய மக்களிலேயே பலர் அவரைக் கண்டித்தார்கள்.

அப்படியானால் அந்த வரைபடத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பறந்தது உண்மை, துணிச்சலும் உண்மை. அவருடைய 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' விமானம் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருப்பதும் சரிதான். ஆனால் கொண்டாடுவதற்காக வரைந்த படத்தை வரலாறு முழுவதும் என்று நம்பிவிடக் கூடாது. ஒரு மனிதர் ஒரு காரியத்தைச் சிறப்பாகச் செய்தார் என்பதற்காக, அவர் சொன்னதெல்லாம் சரியாகிவிடாது. அவர் பின்னால் தவறாகப் பேசினார் என்பதற்காக, முன்பு செய்த காரியம் பொய்யாகிவிடவும் செய்யாது.

இரண்டு வரைபடங்களில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டால், ஓரம் கத்தரித்த அந்தத் தாள்களைத்தான் கேட்பேன். அதில் அலங்காரம் இல்லை, அரச முத்திரை இல்லை. அடுத்த நூறு மைலுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. பாரிசுக்குப் போய்ச் சேருவோமா என்று தெரியாத ஒருவர் எழுதியது அது.