வீட்டுக் கணினியில் நேரத்தை மிச்சப்படுத்தும் சில எளிய வழிகள்

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு சாரம் காமராஜர் சாலைப் பக்கம் போனால், ஜெராக்ஸ் கடைகளிலும் இன்டர்நெட் சென்டர்களிலும் பிள்ளைகளும் பெற்றோருமாகக் கூட்டம் நிற்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் சென்டாக் விண்ணப்பம் போட வந்தவர்கள். வீட்டில் கணினி இல்லாதவர்கள் மட்டுமே வருகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் நல்ல மேசைக் கணினி வைத்திருப்பவர்களும், "நமக்கு எதுக்கு ரிஸ்க், கடையில கொடுத்தா போட்டுத் தந்துடுவாங்க" என்று வந்து நிற்கிறார்கள். கடைசி நாளில் வந்தால் கடைக்காரரும் அவசரத்தில்தான் அடிப்பார். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அதைச் சரிசெய்ய அலைவது நாம்தான்.

வீட்டிலேயே செய்ய முடியாமல் போவதற்குக் காரணம் கேட்டால், பலரும் சொல்வது ஒன்றுதான்: "போட்டோ ஏற மாட்டேங்குது." விண்ணப்பத் தளங்கள் புகைப்படத்துக்கும் கையொப்பத்துக்கும் இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்று ஓர் அளவு வைத்திருக்கும். செல்போனில் எடுத்த படமோ பல எம்பி இருக்கும். இதற்கு எந்தப் புது மென்பொருளும் தேவையில்லை. படத்தின் மேல் வலது கிளிக் செய்து, 'ஓப்பன் வித்' என்பதில் பெயின்ட்டைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே கண்ட்ரோல் விசையுடன் டபிள்யூ அழுத்தினால் அளவை மாற்றும் பெட்டி வரும். 100 என்று இருப்பதை 50 அல்லது 25 ஆக்குங்கள். பிறகு எஃப்12 அழுத்தி ஜேபெக் வகையில் வேறு பெயரில் சேமியுங்கள். வேறு பெயரில் என்பது முக்கியம். அதே பெயரில் சேமித்தால் அசல் படம் போய்விடும். சேமித்த கோப்பின் மேல் ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தினால் இப்போது எத்தனை கேபி என்று தெரிந்துவிடும். இன்னும் பெரிதாக இருந்தால் அசல் படத்திலிருந்து மறுபடி குறைக்கலாம்.

விண்ணப்பம் போட்டு முடித்ததும் வரும் ஒப்புகைப் பக்கத்தை உடனே அச்சிட வேண்டும் என்பதில்லை. கண்ட்ரோல் பி அழுத்தி, பிரின்டர் இருக்கும் இடத்தில் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' அல்லது 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது பிடிஎஃப் கோப்பாகக் கணினியில் தங்கிவிடும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள்: 2025-06-14-சென்டாக்-ஒப்புகை என்பது போல. பெயர் வரிசைப்படி அடுக்கினாலே தேதி வரிசையும் தானாக வந்துவிடும். எங்கள் வீட்டில் 'நியூ', 'நியூ1', 'ஃபைனல்', 'ஃபைனல் ஒரிஜினல்' என்று பெயரிட்ட நான்கு கோப்புகளில் எது சரியானது என்று தேடி ஒரு மாலையே போன பிறகுதான் நமக்கு இந்தப் பழக்கம் வந்தது. பழைய கோப்பின் பெயரை மாற்ற அதன் மேல் ஒரு முறை கிளிக் செய்து எஃப்2 அழுத்தினால் போதும்.

விசைகளை ஏன் பழக வேண்டும்?

கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி இரண்டும் எல்லோருக்கும் தெரியும். வெட்டி ஒட்டும் இந்த முறையை 1970களின் நடுவில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் என்ற இருவர் உருவாக்கினார்கள். டெஸ்லர் 2020 பிப்ரவரியில் காலமானார். இசட், எக்ஸ், சி, வி என நான்கும் இடது கைப் பக்கம் கீழ் வரிசையில் அடுத்தடுத்து இருப்பதைக் கவனியுங்கள். வலது கை மவுஸில் இருக்கும்போதே இடது கையால் செய்துவிடலாம். செய்ததை ரத்து செய்யும் கண்ட்ரோல் இசட்டை மட்டும் பழகிக்கொண்டாலே கணினி மீதான பயம் பாதி போய்விடும். வயதானவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போது நாம் முதலில் சொல்வது இதைத்தான். தவறிப்போய் அழித்துவிட்டால் கண்ட்ரோல் இசட். தவறிப்போய் பிரவுசரில் ஒரு பக்கத்தை மூடிவிட்டால் கண்ட்ரோல் ஷிஃப்ட் டி. மூடிய பக்கம் திரும்பி வரும்.

விண்டோஸ் சின்னம் உள்ள விசையைப் பலரும் தொடுவதே இல்லை. அதனுடன் வி அழுத்திப் பாருங்கள். முதல் முறை 'டர்ன் ஆன்' என்று கேட்கும். சரி என்றால் அதன் பிறகு நீங்கள் நகலெடுத்தவை வரிசையாகச் சேர்ந்திருக்கும். விண்ணப்பத்தில் பெயர், முகவரி, பின்கோடு, பதிவெண் என்று மாறி மாறி ஒட்ட வேண்டியிருக்கும்போது இது பெரிய உதவி. ஆனால் கடவுச்சொல்லை நகலெடுத்தால் அதுவும் அந்த வரிசையில் நிற்கும். ஆகவே பலர் புழங்கும் கணினியில் இதை இயக்க வேண்டாம்.

விண்டோஸுடன் ஷிஃப்ட், எஸ் சேர்த்தால் திரையில் வேண்டிய பகுதியை மட்டும் படமாக வெட்டலாம். திரையைச் செல்போனில் போட்டோ எடுத்து அனுப்பும் வழக்கத்தை இனி விட்டுவிடலாம். விண்டோஸ் ஈ அழுத்தினால் கோப்புகள் திறக்கும். விண்டோஸ் டி எல்லாவற்றையும் சுருக்கி முகப்பைக் காட்டும். விண்டோஸ் எல் கணினியைப் பூட்டும். பாங்கு சத்தம் கேட்டு எழுந்து போகும்போது இதை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனால், பாதி நிரப்பிய விண்ணப்பத்தில் வீட்டுக் குழந்தைகள் கைவைக்க மாட்டார்கள். போட்ட கடவுச்சொல் அவர்களுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எக்செல் தின்றுவிடும் எண்கள்

மஹல்லா சந்தாக் கணக்கு, ரமளான் கஞ்சிச் செலவு, கல்வி உதவி பெறும் மாணவர் பட்டியல் எல்லாம் இப்போது எக்செலில்தான் இருக்கின்றன. கூட்ட வேண்டிய எண்களுக்குக் கீழே உள்ள கட்டத்தில் நின்று ஆல்ட்டுடன் சமக்குறியை அழுத்தினால் கூட்டும் சூத்திரம் தானாக வரும். கண்ட்ரோல் ஷிஃப்ட் எல் அழுத்தினால் தலைப்பு வரிசையில் வடிகட்டி வந்து நிற்கும். சந்தா பாக்கி உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்க்க இது போதும்.

ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே நினைவில் வைக்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால், கடைசி இலக்கத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. பிறகு கட்டத்தின் வகையை மாற்றினாலும் போன இலக்கம் திரும்பாது. 12 இலக்க ஆதார் எண் இப்படிக் கெடாது. என்றாலும் நடுவில் புள்ளியும் ஈ என்ற எழுத்துமாக, படிக்க முடியாத வடிவத்தில் தெரியும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்களில் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். உதவித் தொகைக்கான பட்டியலில் இப்படி ஆனால், பணம் வரவில்லையே என்று காத்திருக்கும் குடும்பத்துக்கும், பட்டியல் தயாரித்தவருக்கும் காரணமே புரியாது.

வழி எளிது. அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, 'ஜெனரல்' என்று இருப்பதை 'டெக்ஸ்ட்' ஆக மாற்றிவிடுங்கள். அல்லது ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள். அது அச்சில் வராது. ஏற்கெனவே பட்டியல் வைத்திருப்பவர்கள், பூஜ்யத்தில் முடியும் கணக்கு எண்களை மட்டும் எடுத்து பாஸ்புக்குடன் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

தமிழில் அடிப்பது

ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அது தமிழாக மாறும் ஒலிபெயர்ப்பு முறை பலருக்கும் பழக்கம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து இந்த வசதியைப் பெறலாம். எப்போதாவது நான்கு வரி அடிப்பவருக்கு இதுவே போதும். தினமும் அடிப்பவர்கள் ஒரு வாரம் பொறுமையாக உட்கார்ந்து தமிழ் 99 முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி உருவாகி, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது.

உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். ஒரே மெய்யை இரண்டு முறை அழுத்தினால் முதலாவதில் புள்ளி தானாக விழும். 'உம்மா' என்று அடிக்க டி, கே, கே, கியூ என நான்கு தட்டல்கள். 'வாப்பா' என்பதற்கு வி, கியூ, ஜே, ஜே, கியூ என ஐந்து. ஆங்கில எழுத்து வழியாக அடித்தால் ஏழு. 'தம்பி' என்பதில் மகரத்தை அடுத்துப் பகரம் வருவதால் புள்ளி தானே வரும்: எல், கே, ஜே, எஸ். புள்ளி தானாக விழ வேண்டாம் என்றால் நடுவில் ஏ விசையைத் தட்ட வேண்டும். 'பப்பாளி' அடிக்கும்போது முதல் பகரத்துக்குப் பிறகு அதைத்தான் செய்கிறோம்.

நம் வீடுகளுக்கு உதவும் இன்னொன்று: ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் ஷிஃப்ட்டுடன் கியூ, டபிள்யூ, ஈ, ஆர் விசைகளில் வரிசையாக இருக்கின்றன. ஷாஹுல், ஜைனப், ஹஸன், ஸஃபியா என்று பெயர்ப் பட்டியல் அடிப்பவருக்கு இந்த நான்கு விசைகளும் ஒரே நாளில் மனப்பாடமாகிவிடும். இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகிய இலவச மென்பொருள்களில் தமிழ் 99, ஒலிபெயர்ப்பு இரண்டுமே உண்டு.

திருமணப் பத்திரிகை அச்சிடும் இடங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. அதில் அடித்ததை அப்படியே வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடப்பதுபோல் வரும். எழுத்து கெட்டுவிடவில்லை, யூனிகோடாக மாற்றித் தரும் கருவியில் போட்டு எடுத்தால் படிக்கலாம். ஜமாஅத்தின் பழைய பதிவுகள் அந்த எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துரு உள்ள கணினி பழுதாகும் முன்பே மாற்றி வைத்துவிடுவது உத்தமம்.

இணையத்தில் தமிழ் இப்படி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரிவதற்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி. துபாயில் பணியாற்றி ஊர் திரும்பிய அவர், தமிழ் எழுத்துருவே இல்லாத கணினியிலும் தமிழ்ப் பக்கங்கள் தெரியும்படி 'தேனீ' என்ற யூனிகோடு எழுத்துருவைச் செய்து இலவசமாகத் தந்தார். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் தமிழ் வலைப்பக்கம் எழுதியவர்கள் பலர் அதைப் பயன்படுத்தினார்கள். 2006இல் அவர் காலமானார். 2010 கோவை செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்பது வேறு கேள்வி.

பிரான்சிலிருந்து வந்த கணினியா?

புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கல் இது. பிரான்சில் இருக்கும் மாமாவோ மச்சானோ கொண்டுவந்து கொடுக்கும் கணினியில் விசைப்பலகை அங்குள்ள வரிசையில் இருக்கும். நம் ஊர்ப் பலகையில் கியூ இருக்கும் இடத்தில் அங்கே ஏ. டபிள்யூ இருக்கும் இடத்தில் இசட். எம் விசை எல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். எண்களுக்கு ஷிஃப்ட் வேண்டும். 'சரியான பாஸ்வேர்ட்தான் போடுறேன், எடுக்க மாட்டேங்குது' என்று திணறுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் தட்டினால், சேர்த்து வைத்துள்ள விசைப்பலகைகள் ஒன்று மாற்றி ஒன்றாக வரும்.

பள்ளியில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளுக்கு மேசைக் கணினியின் வலப்பக்க எண் பலகை பயன்படும். நம் லாக் எரியும் நிலையில் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு 0233 அடித்தால், மேலே வலப்பக்கக் கோடு உள்ள ஈ எழுத்து வரும். இடப்பக்கக் கோட்டுக்கு 0232, தொப்பிக் குறிக்கு 0234, கீழே கொக்கி உள்ள சி எழுத்துக்கு 0231. ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்தால் வேலை முடிந்தது.

கடைக் கணினியில் வேலை செய்தால்

எவ்வளவு சொன்னாலும் சில வேலைகளுக்குக் கடைக்குப் போகத்தான் வேண்டியிருக்கிறது. ஒருமுறை ஓர் இன்டர்நெட் சென்டரில் நாம் ஒரு படிவத்தைத் தேடப்போய், யார் யாருடையதோ ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ் எல்லாம் டவுன்லோட்ஸ் பகுதியில் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்தோம். ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் பக்கமும் அதில் இருந்தது.

ஆகவே வேலையைத் தொடங்கும்போதே குரோமிலோ எட்ஜிலோ கண்ட்ரோல் ஷிஃப்ட் என் அழுத்தித் தனிச் சாளரத்தைத் திறந்துகொள்ளுங்கள். அதை மூடினால் உள்நுழைவு விவரங்கள் தங்காது. ஆனால் பதிவிறக்கிய கோப்புகள் தனிச் சாளரத்திலும் கணினியில் அப்படியே இருக்கும். பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். விண்டோஸ் ஈ அழுத்தி டவுன்லோட்ஸுக்குப் போய், உங்கள் கோப்பைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டும் டெலிட்டும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் டெலிட் அழுத்தினால் அது குப்பைத் தொட்டிக்குத்தான் போகும், யாரும் மீட்டுவிடலாம். வாட்ஸ்அப் வெப் வழியாக ஆவணம் எடுத்திருந்தால், வெளியே வந்ததும் செல்போனில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்து அந்தக் கணினி இன்னும் இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே 'லாக் அவுட்' கொடுத்துவிடலாம். திரும்பக் கடைக்குப் போக வேண்டியதில்லை.