இசக்கியின் இடுப்பிலிருக்கும் குழந்தை யாருடையது?

நடு ஆப்பிரிக்க மரச்சிற்பங்கள் வைக்கப்பட்டுள்ள அருங்காட்சியகங்களில் ‘தாயும் சேயும்’ என்ற பெயர்ப்பலகையை அடிக்கடி காணலாம். மரியாளையும் குழந்தை இயேசுவையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்தப் பெயர் இயல்பாகத் தோன்றியிருக்கும். ஆனால் புரூக்ளின் அருங்காட்சியகத்திலுள்ள லுலுவா மக்களின் உருவம் ‘புவாங்கா புவா சிபோலா’ என்னும் வழிபாட்டுக்குரியது. கரு கலைந்தோ, பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தோ துயருற்ற பெண்கள் அவ்வழிபாட்டில் சேர்க்கப்பட்டனர். காங்கோவின் யோம்பே மக்களுடைய ‘பெம்பா’ உருவங்கள் சிலவற்றில் மடியில் கிடக்கும் குழந்தை உயிரற்றதுபோல் தோன்றும். அது அவள் பெற்ற பிள்ளையா, மறைந்த முன்னோரா, இனி வரவேண்டிய உயிரா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை.

இதே கேள்வியை இசக்கியம்மனிடமும் கேட்க வேண்டும். (இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை, லெமூரியா அன்பர்கள் பொறுத்தருள்க.) குமரி, நெல்லை மாவட்டங்களின் சுடுமண் இசக்கி ஒரு குழந்தையைக் கையில் ஏந்தியிருப்பாள்; இன்னொன்றை வாயில் கவ்வியிருப்பாள். அவளிடம்தான் பிள்ளை வரம் வேண்டி மரத்தொட்டில் கட்டுகிறார்கள், மண்ணில் செய்த பிள்ளை உருவத்தை நேர்ந்துவிடுகிறார்கள்.

கல்விப்புலத்தில் இதற்கு ஒரு ஆயத்த விடை உண்டு: சமண இயக்கியே இசக்கி. சொல்லளவில் இதில் ஐயமில்லை. ‘யக்ஷி’ தமிழில் ‘இயக்கி’ ஆயிற்று. சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை கொடுத்தது மதுரைப் புறஞ்சேரியில் இருந்த ஓர் இயக்கிக்குத்தான். முயல் ‘முசல்’ என்றும், உயிர் ‘உசிர்’ என்றும் வழங்கும் பேச்சுவழக்கில் இயக்கி இசக்கியானதில் வியப்பில்லை. ஒரு நுட்பம் மட்டும் கவனத்திற்குரியது. முசல், உசிர் ஆகியவற்றின் சகரம் தொல்திராவிட ஒலியின் எச்சம். தெலுங்கின் ‘உசுரு’ அதற்குச் சான்று. இயக்கியின் யகரமோ வடமொழியிலிருந்தே வந்தது. அங்கே பழைய சகரம் இருந்ததேயில்லை. ஒப்புமையால் மக்கள் அதை நாட்டுச் சொல்லாக்கிக்கொண்டார்கள். இன்று ஆரியசாலையின் தமிழ்க் கடைத்தெருவில் ‘இசக்கிமுத்து’ என்று யாரையோ அழைப்பது கேட்கும். அங்கிருந்து நாலெட்டு நடந்தால் மலையாள நாவில் அதே தெய்வம் ‘யக்ஷி’.

சொல் வந்த வழியிலேயே குழந்தையும் வந்ததா என்பதுதான் எனக்குச் சிக்கல். சிதறால் திருச்சாரணத்து மலையில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குறத்திகள் என்ற சமணப் பெண்துறவி அங்கிருந்த பட்டாரியார்க்குப் பொன் அணிகலன் அளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அம்மலையின் பாறைச் சிற்பங்களில் அம்பிகை இரு பிள்ளைகளோடும் சிங்கத்தோடும் நிற்கிறாள். கழுகுமலையிலும் அவளைக் காணலாம். அவள் கதை இது: துறவிக்கு உணவிட்டதற்காகக் கணவனால் விரட்டப்பட்டு, மக்களுடன் வெளியேறி, உயிர்நீத்து, நேமிநாதரின் இயக்கியானாள். கணவனே பின்னர் அவளுடைய சிங்கமானான். பிள்ளைகளுக்குப் பெயர்கூட உண்டு: சுபங்கரன், பிரபங்கரன்.

குமரி நாட்டு வில்லுப்பாட்டில் இசக்கி, கள்ளியங்காட்டு நீலி. ஆணொருவனால் கொல்லப்பட்டுப் பேயானவள், மறுபிறவியில் வணிகனாக வரும் அவனைப் பின்தொடர்கிறாள். கள்ளிக்கொம்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவன் என் கணவன்’ என்று ஊராரிடம் முறையிடுகிறாள். ஊர் நம்பியது அக்குழந்தையைப் பார்த்துத்தான். தொண்டை நாட்டுப் பழையனூர்க் கதையில், நம்பி ஏமாந்த வேளாளர் 70 பேர் தீயில் இறங்கினர்.

ஆக, இந்த நீலியின் குழந்தை மரம். அது தாய்மையின் அடையாளம் அன்று. வழக்குமன்றத்தில் வைக்கப்படும் சான்று. தனித்து வந்த பெண்ணின் சொல்லை ஏற்காத ஊர், குழந்தையோடு வந்தவளின் சொல்லை ஏற்கிறது. அம்பிகையிடமிருந்து இதை நேராக வருவிக்க இயலாது. கணவனின் கொடுமையால் மடிந்த பெண் தெய்வமாதல் இரண்டிற்கும் பொது. அந்தப் பொதுமைதான் பழைய இயக்கியின் பெயரைப் புதிய நீலியின்மேல் ஏற்றியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ‘சமணத் தெய்வம் நாட்டார் தெய்வமாகத் திரிந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், பேறுகாலத்தில் மாண்ட, மாளக் கொடுத்த பெண்கள் இவ்வுருவத்தில் ஏற்றிய அச்சம் அனைத்தும் ‘திரிபு’ என்ற சொல்லுக்குள் மறைந்துபோகும்.

இவ்வச்சத்திற்குத் தெற்கே வேறு சான்றும் உண்டு. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணுக்காக வழியோரத்தில் நட்ட சுமைதாங்கிக் கற்கள் இன்னும் நிற்கின்றன. அவளால் இறக்கிவைக்க முடியாத சுமைக்காக, வழிப்போக்கர் தம் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். அக்கல்லில் தாய் உருவமும் இல்லை, சேய் உருவமும் இல்லை. ஆயினும் முப்பந்தலில் தொங்கும் தொட்டில்களையும் லுலுவா மரத்தாயையும் ஆராய்பவர், சிதறால் பாறைக்குப் போகுமுன் இக்கற்களைப் பார்த்துவிட்டுப் போகலாம்.