காலியாக இருந்த வரி

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் நாள் பாடத்திட்டத்தில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். ஒன்று குறைநீக்கல், இன்னொன்று வளப்படுத்துதல். பின்தங்கிய மாணவனுக்கு முதலாவது. பாடத்தை முடித்துவிட்டு இன்னும் கேட்பவனுக்கு இரண்டாவது. கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளின் கல்வி வரலாற்றை இந்த இரண்டு சொற்களை வைத்தே சொல்லிவிடலாம்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளிகள் வந்தன. பல இடங்களில் அது ஒற்றை அறை. வாத்தியார், கிராணியாகவோ கங்காணியாகவோ இருப்பார். பெரும்பாலும் நான்காம் வகுப்போடு படிப்பு முடியும். அதற்குமேல் படித்தால் பால்மரம் வெட்ட ஆள் குறையும் அல்லவா?

இடைநிலைப்பள்ளிக்கான நுழைவுத்தேர்வு 1960-களின் நடுவில் நீக்கப்பட்டபோது கதவு திறந்தது. ஆனால் தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து போனவர்களுக்கு வாசலில் ஒரு திண்ணை இருந்தது. படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பு. எங்கள் வாயில் அது 'ரிமூவ் கிளாஸ்'. பயிற்றுமொழியைப் பிடித்துக்கொள்வதற்கான ஏற்பாடு. நோக்கத்தில் தவறில்லை.

1977-இல் நான் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் தோட்டத்துச் சிநேகிதன். ஆறாம் வகுப்பில் எங்களுக்கெல்லாம் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன், இங்கே 'பூக்கு', 'மேஜா' என்று எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். "நம்மள மக்குனு முடிவு பண்ணிட்டாங்கடா" என்றான். அடுத்த வருடம் அவன் பஸ் ஏற வரவில்லை. ஒரு வருடம் முழுக்க அவனிடம் குறையை மட்டுமே தேடியிருந்தோம். இரண்டாவது வரி காலியாகவே இருந்தது.

அதை நிரப்பியவர்கள் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். கோ. சாரங்கபாணி தமிழ் முரசில் 1950-களில் மாணவர்களுக்காகத் திறந்த பக்கம் மாணவர் மணிமன்றம். மலாயா, சிங்கப்பூர்ப் பிள்ளைகள் அதில் எழுதினார்கள். எழுதியவர்களில் பலர் பின்னாளில் எழுத்தாளர்கள் ஆனார்கள். அங்கிருந்து மணிமன்றங்கள் தோட்டந்தோட்டமாகக் கிளைவிட்டன. நூலகம், பேச்சுப்போட்டி, நாடகம் என எல்லாம் வேலை முடிந்த பிறகு, தொழிலாளர்களே நடத்தியவை.

எங்கள் தோட்டத்தில் பழைய ஸ்டோர் அறைதான் மன்றம். பகலில் மருந்தடிக்கும் ஓர் அண்ணன் இரவில் கேஸ் விளக்கு ஏற்றி, நாளிதழை உரக்கப் படிக்கச் சொல்வார். படித்ததை மறுத்துப் பேசச் சொல்வார். "சோதனையில வருமாண்ணே?" என்று கேட்டேன். "வராது. அதுக்குத்தான் ஸ்கூல் இருக்கே" என்றார்.

1982-இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்கள் வார இறுதிகளில் தொண்டூழியமாகப் பாடம் நடத்தினார்கள். அதுபோன்ற வகுப்புகள் இல்லாவிட்டால் பல குடும்பங்களில் முதல் பட்டதாரி வந்திருக்கமாட்டார். என் தம்பியும் அப்படி ஒரு டியூசனில் கரையேறியவன்தான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேர்வு பெரிதாகப் பெரிதாக, சமூகம் தன் கையால் கட்டியதும் மெல்ல மெல்லக் குறைநீக்கலாகவே ஆனது. ஸ்டோர் அறை மூடிக்கிடந்தது.

பிறகு தோட்டங்களே கலைந்தன. மேரி, மின்யாக், நைகல் கார்ட்னர் என்ற பெயர்களைப் பள்ளிப் பலகைகள் இன்னும் சுமக்கின்றன. சனம் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டது. வீட்டுக்காகவும் கோயிலுக்காகவும் போராடினோம். மன்றத்துக்காக யாரும் மனு எழுதிய ஞாபகம் எனக்கில்லை. நானும் எழுதவில்லை.

2021-இல் யுபிஎஸ்ஆர் தேர்வும் 2022-இல் பிடி3 தேர்வும் நீக்கப்பட்டன. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு இல்லாத சில வருடங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த வருடங்களில் அவர்களுக்கு என்ன வைத்திருக்கிறோம்?

போன மாதம் புக்கிட் ரோத்தானில் அந்தச் சிநேகிதனைப் பார்த்தேன். லாரி ஓட்டி ஓய்ந்துவிட்டான். பேத்தி படிவம் ஒன்று படிக்கிறாளாம். "நெறைய கேள்வி கேக்கறாடா. எங்கயாச்சும் அனுப்பலாமா?" என்றான். நான் மூன்று டியூசன் நிலையங்களின் பெயரைச் சொன்னேன்.

"டியூசன் இல்லடா" என்றான்.